எண்ணூறு மில்லிமீற்றர்

யூனியன் பிளேஸ் கண்ணாடிக் கடைக்குள்
ஏசிக் குளிரில் நிற்கிறது புது டபிள் கெப்.
விளம்பரத் தாளில் அது ஒரு பாலைவனத்தைக் கடக்கிறது.
எங்களிடம் பாலைவனம் இல்லை.
இறக்குவானைக்கு மேலே ஒரு டெலிபோன் கோபுரம் இருக்கிறது,
அதன் காலடியில்
மழை பெய்தால் மட்டும் பழுதாகிற ஒரு ஜெனரேற்றர்.
கடைசி மூன்று கிலோமீற்றர்
தேயிலைக்கும் அட்டைக்கும் சொந்தம்.
போன ஐப்பசியில் எங்கள் பட்டா லொறி
அந்த ஏற்றத்தில் பின்னோக்கி வந்தது,
நானும் ஜெயசுதனும் ஸ்பானர் பெட்டியும்
ஒருவரை ஒருவர் பிடித்தபடி.

ஐந்து வருடம் காத்திருந்தோம் கப்பலுக்கு.
கப்பல் வந்தபோது
வாகனத்துக்கு முன் விலை இறங்கிவிட்டது.

இசுரு, விற்கிற பொடியன். நல்ல தமிழ்,
வத்தளையில் பழகியதாம்.
சில்லுகளைப் பூட்டும் பொத்தானைக் காட்டினான்.
"ஒன்னு சும்மா சுத்தினாலும் மத்தது இழுக்கும், மிஸ்."
நான் ஜெயசுதனைப் பார்த்தேன்.
அவன் இருக்கையின் தோலைத் தடவிக்கொண்டிருந்தான்.

சேற்றுக்கு, மணலுக்கு, கல்லுக்கு என்று
ஒரே குமிழில் எல்லாம்.
கொழும்புக்கு எது என்று கேட்டேன்.
சிரித்தான்.

பிறகு தண்ணீர்.
"எண்ணூறு மில்லிமீற்றர் ஆழம் வரைக்கும் ஓடலாம்."
என் கைப்பையில் எப்போதும் ஒரு அளவு நாடா கிடக்கும்.
நின்ற இடத்திலேயே இழுத்துப் பார்த்தேன்:
இடுப்புக்குக் கொஞ்சம் கீழே.

ஓட்டிப் பார்ப்பதென்றால்
கொம்பனித்தெருவைச் சுற்றி ஒரு வட்டம், அவ்வளவுதான் என்றான்.
நான் மருதானைப் பக்கம் திருப்பினேன்.
மலையேறப் பிறந்த எஞ்சின்
டெக்னிக்கல் சந்தியில் பதினெட்டு நிமிடம்
ஒரு ஓட்டோவின் முதுகை வாசித்தது:
பொறாமை வேண்டாம், இதுவும் லீசிங்.

தெமட்டகொட தாண்டியதும் இசுரு பேச்சைக் குறைத்தான்.
வெல்லம்பிட்டியில், எங்கள் ஒழுங்கைக்குள்,
பக்கக் கண்ணாடிகளை மடித்துக்கொண்டு நுழைந்தோம்.
மதிலில் இன்னும் இருக்கிறது அந்தக் கோடு.
இரண்டு தரம் வெள்ளை அடித்தும்
தேத்தண்ணி நிறத்தில் எழும்பி வருகிறது.
களனி ஆறு எங்கள் வீட்டில்
ஆறு நாள் தங்கிப் போன வைகாசி.

நாடாவின் நுனியை ஜெயசுதன் காலால் மிதித்தான்.
நான் மேலே இழுத்தேன்.
ஆயிரத்து நூற்றுப் பத்து.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.
முன்வீட்டு ஃபரீனா யன்னலைத் திறந்து
"எடுத்திட்டீங்களா?" என்றாள்.
நல்ல வெள்ளை, வடிவாயிருக்கு என்றாள்.

இசுரு இறங்கிவந்து கோட்டோடு ஒட்டி நின்றான்.
அவன் டையின் நுனி அதைச் சரியாகத் தொட்டது.
"கடுவலையில எங்களுக்கு" என்று
சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான்,
பேனா குத்தியிருந்த இடம்.
பிறகு, வேலை ஞாபகம் வந்தவனாய்,
"ஸ்நோர்க்கல் ஒன்னு போடலாம், மிஸ்.
யானை தும்பிக்கையைத் தூக்குற மாதிரி."
"யானைக்குச் சரி," என்றான் ஜெயசுதன்,
காலையிலிருந்து முதல் தடவையாக வாய் திறந்து.
"பின்னால ஏத்தின சாமானுக்கு?"

திரும்பி வந்தோம்.
லீசிங் படிவம் கேட்டது, வாகனம் எதற்கு என்று.
இரண்டே கட்டங்கள்:
சொந்தப் பாவனை. வியாபாரம்.
மலைக்கென்றால் வியாபாரம்.
ஆற்றுக்கென்றால் எந்தக் கட்டம்
என்று அந்தப் பிள்ளையிடம் கேட்கவில்லை,
பாவம், அவளுக்குப் பின்னேரத்துக்குள்
இன்னும் இரண்டு கையெழுத்து வேண்டும்.

வெளியே ஒரு பையன்
எங்கள் ஒழுங்கைச் சேற்றை
டயர்களிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தான்,
முதலாளி பார்க்குமுன் முடிக்கிற அவசரத்தில்.
மூன்று முடிந்தது.
தேத்தண்ணி வந்தது.
நாலாவது அப்படியே நின்றது.

நான் விலையைத் திரும்பவும் கேட்டேன்.