மூன்று நிமிடம், பத்து விநாடி

இந்த ஆண்டு பதினெட்டுப் பேர்.
தயாரிப்பாளர் ஒதுக்கிய நேரம் மூன்று நிமிடம், பத்து விநாடி.
வகுத்தால் ஆளுக்குப் பத்துக்குச் சற்று மேல் தேறும்.
ஆனால் பியானோ எழுந்து அமரவே பதினைந்து விநாடி வேண்டும்,
பெரிய பெயர்கள் தம் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.
உயிரோடிருந்தபோதும் அப்படித்தான்.

புதாபெஸ்டில் பிப்ரவரி.
டிராம் கம்பியிலிருந்து பனி உதிரும் ஓசை
தொகுப்பறைக் கண்ணாடி வரை வருகிறது.
விருது விழாவுக்கு இன்னும் ஒன்பது இரவுகள்.

ஹல்மோஷி திஹமேர்.
(இந்த ஊரில் குடும்பப் பெயர் முன்னால் நடக்கும்,
ஆள் பின்னால் வருவார்.)
திரையில் பதினொரு முறை செத்தவர்.
தண்டவாளத்தில் ஒன்று, டைஃபஸில் இரண்டு,
மற்றவை பெரும்பாலும் துப்பாக்கிக்கு.
ஒரு வாள் சண்டையில் விழுந்த பிறகும் கண் இமைத்துவிட்டார்.
அந்த இமைப்பை வெட்டியவள் நான்,
அப்போது எனக்கு இருபத்துமூன்று.
மறுநாள் சாக்லேட் பெட்டியோடு கதவில் நின்றார்:
"என்னை ஒழுங்காகக் கொன்றவள் நீ ஒருத்திதான்."
பன்னிரண்டாவது முறை நவம்பரில்,
டெப்ரெட்சென் மருத்துவமனையில்.
ஒரே டேக்.

மூன்று நாள் கிடங்கில் தேடி
அந்தத் துண்டைக் கண்டெடுத்தேன்.
திரும்ப ஒட்டினேன்.
விழுந்து கிடக்கிறார்.
இமைக்கிறார்.
ஆறு விநாடி.

பார்த்தா கிஸெல்லா இருபத்திரண்டு ஆண்டுகள்
செவ்வாய்தோறும் மாலை ஏழரைக்கு
ஒரு தொடரில் மருந்துக்கடை வைத்திருந்தாள்.
நிஜத்தில் தலைவலிக்கும் மாத்திரை விழுங்கப் பயந்தவள்.
சந்தையில் முள்ளங்கி வாங்கப் போனால்
யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள்:
"மூட்டு வீங்குகிறது அம்மா, என்ன பூசட்டும்?"
முதலில் மறுத்துப் பார்த்தாள்.
பிறகு குறிப்பேட்டில் எழுதி வந்து,
இரவில் உண்மையான மருந்தாளர் ஒருவருக்குத் தொலைபேசி போட்டு,
மறுவாரம் அதே முள்ளங்கிக் கடையில் பதில் சொன்னாள்.
அவள் கல்லறையில் மலர்வளையங்களுக்கு நடுவே
யாரோ ஒரு இருமல் மருந்துக் குப்பி வைத்திருந்தார்கள்.
பாதி தீர்ந்தது.

அதைப் படமெடுத்தேன். பயன்படுத்தவில்லை.
தராசில் எதையோ நிறுத்துவிட்டுத்
தலை நிமிர்கிற ஒரு காட்சி இருந்தது, அது போதும்.

இனி வெர்மெஷ் லேனார்ட்.
இங்கேதான் இரண்டு இரவு நின்றுவிட்டேன்.
அவருக்கு முகம் இல்லை.
வெளிநாட்டுத் துப்பறிவாளர்கள், குதிரைக்காரர்கள்,
ஒருமுறை ஒரு நாய்,
எல்லோரும் நம் வீடுகளில் இவர் தொண்டையால்தான் பேசினார்கள்.
இரவல் குரல் என்பார்கள்.
இரவல் வாங்கியவர்கள் பளபளத்தார்கள்,
கொடுத்தவர் பேருந்துக்குக் காத்து நின்றார்.
எந்த நடிகரின் முகத்தைப் போட்டாலும் பொய்யாகும்.
கடவுச்சீட்டுப் புகைப்படம் போட்டால்
யாரிவர் என்று அரங்கம் கேட்கும்.

கறுப்பு வைத்தேன்.
வெறும் கறுப்பு, ஐந்து விநாடி.
அதன் மேல், வசனத்துக்கு முன் அவர் உள்ளிழுக்கும் மூச்சு,
பிறகு இரண்டே சொல்: "யார் அங்கே?"

ஒளிபரப்பான இரவு
மூலைக் கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
திரை இருண்டதும் கடைக்காரர் திட்டிக்கொண்டே
பெட்டியைத் தட்டக் கை ஓங்கினார்.
குரல் வந்தது.
கை அப்படியே நின்றது.
"இவரா," என்றார்,
"இவரும் போய்விட்டாரா?"
பிறகு வந்த நான்கு பேரை அவர் பார்க்கவே இல்லை.

காலையில் தொலைபேசி. ஸாகோனி கொர்னேலியா, எண்பத்தொன்பது வயது.
ஒவ்வோர் ஆண்டும் விழாவுக்கு மறுநாள் அழைப்பாள்.
"நன்றாயிருந்தது. கேள்,
என் முறை வரும்போது அந்தச் சிவப்புப் பொய்முடிக் காட்சி மட்டும் வேண்டாம்.
சத்தியம் செய்."

செய்தேன்.
வைத்துவிட்டு அந்தத் துண்டை எடுத்து ஓட்டினேன்.
வசனம் மறந்துபோய், பொய்முடி சரிந்து ஒரு கண்ணை மறைக்க,
கேமரா நிற்கவில்லை என்று தெரியாமல்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.
பதினேழு விநாடி.
எங்கே வெட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.