இழுத்தால் அவிழும் முடிச்சு

சங்கக்கடை வரிசையில்
எனக்கு நூற்றிநாற்பத்தேழாம் இலக்கம்.
முன்னால் நின்ற யசிந்தா,
மன்னாரிலிருந்து வங்கிக்கு மாற்றலாகி
எங்கள் ஒழுங்கைக்குக் குடிவந்தவள்,
என் மண்ணெண்ணெய்க் கலனைக் குனிந்து பார்த்தாள்.
மூடிக்குக் கீழே பொலித்தீன் துண்டு,
அதன்மேல் இறுக்கிய சைக்கிள் ரியூப் வளையம்.
"நீங்களும் அப்பிடித்தானோ" என்றாள்.
வேறு அறிமுகம் தேவைப்படவில்லை.

பின்னேரம் கரண்ட் இல்லை.
சுதுமலை முழுக்க இருட்டு.
என் குசினியில் இருந்து
சீட்டு இறக்குவதுபோல
ஆளுக்கொன்றாய் இறக்கினோம்.

அவள்: உப்பு. எல்லாத்துக்கும் முதல் உப்பு.
சீனி இல்லாட்டில் பனங்கட்டியைக் கடிக்கலாம்,
உப்பில்லாக் கஞ்சியை
மூன்றாம் நாள் பிள்ளை துப்பும்.

நான்: ஜாம் போத்தல், அடியில் பஞ்சு,
வால்வுக் கட்டைக்குள்ளால் ஒரு நூல்.
கரண்டியளவு எண்ணெயில்
ஒரு சோதனைக்குப் படித்து முடிக்கலாம்.

பத்திரங்களை ஒரே பையில் வையாதையுங்கோ, என்றாள்.
உறுதி என்னட்டை, அத்தாட்சியெல்லாம் அவரிட்டை.
ஒராள் வராட்டிலும்...
அதை அவள் முடிக்கவில்லை.

பிள்ளையின் சட்டை உள்மடிப்பில் பெயரும் ஊரும்.
மையால் எழுதினால் மழையில் போய்விடும்,
நூலால் தைக்கவேணும்.

கிணத்து வாளிக்கு இன்னொரு கயிறு.

பங்கர் வாசல் வளைந்திருக்கவேணும்.

பங்கருக்குள் இறங்கமுன்
தடியால் ஒருக்காத் தட்டவேணும், பாம்பு.

இரண்டுபேரும் சிரித்துவிட்டோம்.
செல்லுக்குப் பயந்து பாம்போடு இருந்த கதை
அவளிடம் ஒன்று, என்னிடம் இரண்டு.

ஃபோன் வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்த சின்னவள்
தலையை நிமிர்த்தி, "அம்மா, திரும்பச் சண்டை வருமோ?"
"எண்ணெய்க்குத்தானே பிள்ளை வரிசை" என்றேன்.
என் கை அப்போதும்
வெறும் பொலித்தீன் பையொன்றை
நீவி நீவி மடித்துக்கொண்டிருந்தது.

"நீங்கள் எதை மறந்தனீங்கள்?" யசிந்தா கேட்டாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி.
எங்களிடம் எல்லாம் இருந்தது.
ஐந்து வருசமாய்க் கட்டிவைத்த பை,
அவித்துக் காயவைத்த அரிசி,
சைக்கிளுக்குப் புது ரயர்.
ஒலிபெருக்கி சொல்லி அரைமணித்தியாலத்தில்
மழைக்குள் இறங்கிவிட்டோம்.
செம்மணி ரோட்டில் யாரும் நடக்கவில்லை,
சனம் நகர்த்தியது, நகர்ந்தோம்.
நாவற்குழிப் பாலத்தின் நடுவில் வைத்து
நீலகண்டன் ஹான்டிலிலிருந்து ஒரு கையை எடுத்து
மணந்து பார்த்தார்.
"ஆட்டை அவிட்டு விட்டனீரோ?"
"நீங்கள் எண்டெல்லோ நினைச்சன்."

திரும்ப முடியாது.
திரும்பிப் பார்க்கக்கூட இடமில்லை.
பலாமரத்தடியில் சினை மறி.
புது நைலோன் கயிறு.
அவர் போட்ட இரட்டை முடிச்சு.
காலமை நான் கட்டிய பூவரசங்குழை
ஒரு நாளைக்குக் காணும்.

சித்திரையில் திரும்பி வந்தோம்.
ஓடு இல்லை, குசினிக் கதவு இல்லை,
அம்மியைக்கூட ஆரோ கொண்டுபோய்விட்டார்கள்.
முடிச்சு இருந்தது.
பலாவின் பட்டையில், முழங்கால் உயரத்தில்,
சுற்றிவரத் தேய்ந்த ஒரு வட்டம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்
எதையும் இறுக்கிக் கட்டுவதில்லை.
மாட்டுக்கயிறு, படலைக் கம்பி, நுளம்புவலை
எல்லாம் ஒரு இழுவைக்கு அவிழும்.
பிள்ளைகளின் சப்பாத்து நூலுக்கு
பள்ளிக்கூடத்தில் அடிகூட விழுந்தது.
போன மாசி மாடு தானே இழுத்துக்கொண்டு போய்
பின்வளவு மிளகாய்க் கன்றைத் தின்ன,
தண்டம் ஆயிரத்தைந்நூறு.
சந்தோசமாகக் கட்டினார்.
இப்பவும் படுக்கமுன் ரோச்சோடு சுற்றிவந்து
ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்ப்பார்,
பார்த்துத் திரும்பக் கட்டுவார்.

போத்தல் விளக்கு ஒருக்காச் சிமிட்டியது.
"உங்கட?" என்றேன்.

யசிந்தா கலனை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.
"கரண்ட் வந்திட்டுது, வாறன்" என்றாள்.

வரவில்லை.