செல்லும், செல்லாது

உயுனி ரயிலடிக்கு எதிரே
நாணயம் மாற்றும் கடை என்னுடையது.
டாலர், யூரோ, சிலியின் பேசோ.
மேசைக்கடியில் ஒரு ஊதா விளக்கு.
நல்ல நோட்டென்றால் அதன் ஒளியில்
மறைந்திருந்த இழைகள் பச்சையாய்ச் சிரிக்கும்.
கள்ள நோட்டு முழுக்க வெளுத்துப்
பல்லிளிக்கும்.

நிக்கானோர் உப்புவெளியில் கட்டி வெட்டுகிறான்.
பன்னிரண்டாயிரம் அடி உயரம்,
தன்னுடையதைத் தவிர வேறு நிழல் கிடையாது.
வெயில் மேலிருந்து ஒருமுறை,
உப்பு திருப்பி அனுப்பி இன்னொருமுறை.
தொப்பி பாதி வேலைதான் பார்க்கும்.

சந்தையில் பதினைந்து பொலிவியானோவுக்கு
ஒரு கண்ணாடி வாங்கினான், தார்க்கறுப்பு.
மாட்டிக்கொண்டு வந்து நின்றபோது
அழகாய்த்தான் இருந்தான்.
சொல்லியும்விட்டேன்.

ஜூலையில் ஓரிரவு
கண்ணைத் திறக்க முடியாமல் வந்தான்.
மணலை அள்ளிப் போட்ட மாதிரி என்றான்.
வழிந்த நீர் கன்னத்து உப்பைக் கரைத்தது.
பல்பை அணை, அதுகூடக் குத்துகிறது.
ஈரத்துணி வைத்து இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.
"கண்ணாடி போட்டிருந்தாயே?"
"காலையிலிருந்து கழற்றவேயில்லை, செவேரா."

அவன் அயர்ந்த பிறகு,
எதற்கென்று தெரியாமல்தான்,
கடை விளக்கை எடுத்துவந்தேன்.
நூறு பொலிவியானோ நோட்டின் மேல்
அவன் கண்ணாடியைப் பிடித்து
அதன் வழியே வெளிச்சத்தை விட்டேன்.
ஓரமாய்க் குனிந்து பார்த்தால்
இழைகள் சிரித்துக்கொண்டிருந்தன,
அத்தனை கறுப்பையும் தாண்டி
ஒன்றுவிடாமல்.

கறுத்ததெல்லாம் நிழலல்ல.
இருட்டென்று நம்பிக் கண்மணி அகன்றிருக்கிறது,
திருடனுக்கு நாமே கதவை விரியத் திறந்த கதை.
கண்ணாடிக்காரன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டான்
என்று வாய்வரை வந்தது.
பக்கத்தில் நிஜமாகவே அப்படிக் கிடந்தவனைப் பார்த்து
விழுங்கிக்கொண்டேன்.

பிறகு வீட்டில் அகப்பட்டதையெல்லாம்
ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் பார்த்தேன்.
பாட்டில் மூடி, கடிகாரச் சில்லு,
அவன் தம்பி பட்டறையில் இரும்பு தேய்க்கும்போது போடும்
தெளிந்த கண்ணாடி.
நீர் மாதிரி இருக்கும், ஒரு பக்கம் கீறல்.
அதன் அடியில் நோட்டு செத்துக் கிடந்தது.
ஒரு இழை இல்லை.
விளக்கு கெட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போனான்,
கறுப்பின் மேல் தெளிவு,
இரண்டையும் சேர்த்து மாட்டிக்கொண்டு.
தவளை மாதிரி இருக்கிறாய் என்றேன்.
அதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமை கடை திறந்தால்
வாசலில் ஒன்பது உப்புக்காரர்கள்
கையில் கண்ணாடியோடு.
அவர்களுக்குப் பின்னால்
யூரோ மாற்ற வந்த ஜெர்மன்காரி,
தலைமேல் ஒன்றை ஏற்றி வைத்திருந்தாள்.
நோட்டை விரித்து விளக்கைப் போட்டேன்.

செல்லாது.
செல்லாது.
பாசிலியா, உன்னுடையது செல்லும், தொலைத்துவிடாதே.
செல்லாது.

அவள் மெல்லத்
தன்னுடையதைக் கழற்றினாள்.