வழிகிற மருந்து

பகலெல்லாம் மணலியில் லாரிகளுக்கு எடை போடுகிறேன்.
இருபது கிலோ முன்னே பின்னே,
யாரும் கேட்பதில்லை.

ராத்திரி கொருக்குப்பேட்டையில்
ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி
கடுகுக்கும் சின்னதை நிறுக்க உட்காருகிறேன்.
கூட்ஸ் வண்டி போனால் முள் நடுங்கும்.
கடைசிப் பெட்டிவரை
கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

பிராட்வே கடையில் மூன்று டப்பா காட்டினார்கள்.
ஒன்று சட்டென்று பற்றுவது.
சிட்டிகை போதும், காசு மிச்சம்.
மறதியில் ஒரே கூட்டில் இரண்டு தரம் கொட்டினாலும்
அடியில் பேசாமல் கிடக்கும்.
நடுவில் இருந்தது எதற்கென்று புரியவில்லை,
கேட்க வெட்கம்.
மூன்றாவது பருமன். கூடு நிறையக் கேட்கும்.
தப்பிப்போய் மறுபடி கொட்டினால்
வழிந்து, மேஜையெல்லாம் சிந்தி
மானத்தை வாங்கும்.

"கிளப்புல எத்தினி வருசம்மா?"
"ஆறு மாசம்."
லைசென்ஸில் என் பெயரை
இரண்டு தரம் படித்தார்: தேவகிருபை.

எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார்.
எவ்வளவு கொட்டினாலும்
அடியில் பேசாமல் கிடக்கிற ரகம்.
பதினோரு வருஷம்.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை.

வழிகிறதையே கொடுங்கள் என்றேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் பையைப் பார்த்து
"மருந்தா? யாருக்கு உடம்பு?" என்றாள்.
எனக்குத்தான் என்றேன்.

நேற்று பன்னிரண்டாவது கூட்டில்
கைபிசகி வழிந்தது.
பழைய பெயிண்ட் பிரஷால் கூட்டி அள்ளும்போது
ஏனோ சிரிப்பு வந்தது.
முள் நடுங்கியது.
வண்டி போகட்டும் என்று இருந்தேன்.