படிவத்தில் இல்லாத கட்டம்

மதுரை ஏஜென்சியிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
'வெளியீட்டு நாளில் விற்றவை எத்தனை?
குறைவு எனில், விலைதான் காரணமா?
ஆம், இல்லை. ஒன்றில் மட்டும் டிக் செய்யவும்.'

பேனா மூடியைக் கழற்றி
ஒரு மணி நேரமாகிறது.

வந்தது நாலு பெட்டி.
கைக்குள் அடங்கும் விளையாட்டுக் கருவி,
ஐம்பத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.
மிச்சம் பத்து ரூபாயை ஏன் விட்டுவைத்தார்கள் என்று
டீ கொண்டுவந்த ரியாசு கேட்டான்.
மண்டபத்துக்காரன் பேரம் பேசுவான் என்று
கம்பெனிக்கு முன்பே தெரிந்திருக்கும் என்றேன்.

அது ஜூன் ஐந்தாம் தேதி.
வடகடல் பக்கம் விசைப்படகுகள் எல்லாம்
கரையேறி வயிற்றைக் காட்டிப்
பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தன.
தடைக்காலம் முடிய இன்னும் பத்து நாள்.

முதலில் வந்தவன் எமரிட்டு மகன் ஜெனோ.
ஒரு கையில் தூக்கி மறு கைக்கு மாற்றி
கணவாய்க்கு எடை பார்ப்பதுபோலப் பார்த்தான்.
"அரைக் கிலோ இருக்குமா பாய்?"
"அதுக்குக் கொஞ்சம் மேலே."
"அப்ப கிலோ ஒரு லட்சம்.
எங்கப்பா வலையில ஏறுன எதுவும்
இந்த விலைக்குப் போனதில்ல."
சொல்லிவிட்டு நாற்பது நிமிடம்
நகராமல் ஆடினான்.

அடுத்து மரைக்காயர்பட்டினம் சாகுல்.
துபாயில் ஆறாயிரம் கம்மியாம்.
மச்சான் பதினெட்டாம் தேதி வருகிறாராம்,
சூட்கேசில் இடம் இருக்கிறதாம்.
என்னிடம் வாங்கியது மேலே ஒட்டும் கண்ணாடி மட்டும்.
முந்நூற்றைம்பது. அதிலும் ஐம்பதைக் குறைத்தான்.

சாயங்காலம், காவல்படைக் குடியிருப்பிலிருந்து ஒருவர்.
விலையே கேட்கவில்லை, கார்டை நீட்டினார்.
பாம்பன் பக்கம் காற்று எடுத்திருந்தது.
கார்டு மெஷின் சுற்றியது, சுற்றியது,
சுற்றிக்கொண்டே இருந்தது.
நாளைக்கு வருகிறேன் என்றார்.
மறுநாள் அவருக்குக் கப்பலில் டூட்டி.

இதில் எதற்கு நான் டிக் போட?

போன வருட மாடல் இன்னும் கண்ணாடிக்குள் கிடக்கிறது.
பாதி விலை எழுதி ஒட்டியும்
யாரும் எடுக்கவில்லை.
இறங்கிய விலை இன்னும் இறங்கும் என்று நிற்கிறார்கள்.
வெயில் ஏற ஏற ஏலம் சரிவதை
நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பார்த்தவர்கள்.
இது மீன் இல்லை, நாறாது என்று
சொல்லிப் பார்த்தேன்.
"நாறும் பாய். அடுத்த மாடல் வரட்டும்" என்றான் ஜெனோ.

பதினாறாம் தேதி காலையில் இறால் வந்தது.
படகு நிறைய.
கம்பெனிக்காரர் காரைவிட்டு இறங்காமலே
ஒரு விலை சொன்னார்.
அந்த விலைதான் விலை.
எமரிட்டு டீசல் கடனுக்கு எண்ணிக் கொடுத்துவிட்டு
என் கடைப்பக்கம் திரும்பாமல் நடந்தார்.

இந்த விலை வலிக்கிறதா,
ஆம் அல்லது இல்லை என்று
இறால் பிடித்தவனுக்கு
இதுவரை எந்த ஊரிலிருந்தும் படிவம் வந்ததில்லை.

சரி, எழுதித்தான் ஆகவேண்டும்.
வெளியீட்டு நாளில் விற்றது: ஒன்று.
வாங்கியவர்: கடைக்காரர்.

ஆமாம், அன்று ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஒரு பெட்டியை நானே பிரித்தேன்.
ஸ்டூல் ஒன்று, மின்விசிறி ஒன்று,
அரை மணிக்கு முப்பது ரூபாய்.
ஆயிரத்து எண்ணூற்று முப்பத்து மூன்று அரைமணி ஓடினால்
போட்ட காசு வந்துவிடும்.
மெகராஜிடம் இன்னும் சொல்லவில்லை.
தவணைக்கு வைத்த பணம் அது.

இன்றைக்கு நாற்பத்தோராவது.
ஜெனோ உட்கார்ந்திருக்கிறான்.
படகுக்கு டோக்கன் இல்லாத நாளில்
நாலு பேர் அவன் முதுகுக்குப் பின்னால்
காசில்லாமல் ஆடுகிறார்கள், கழுத்தாலும் தோளாலும்.
அவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

'விலைதான் காரணமா?'
இரண்டு கட்டங்களுக்கும் நடுவில்
பேனா மை ஒரு சொட்டு
தானாக விழுந்திருக்கிறது.
அப்படியே மடித்து அனுப்புகிறேன்.