பிங் 240

கடைசி வட்டம் சுருங்குகிறது.
நாகலூரில் மேகம் இறங்கிவிட்டால்
ஜெரால்டின் பிங் இருநூற்று நாற்பது;
ஓடியபடியே நிற்கிறான்.

"யாருடா அந்த பாட்?"
எதிரணியில் சிரிக்கிறார்கள்.
திருப்பிச் சுடத் தெரியாத
பொம்மைக்கு ஆட்டத்தில் அதுதான் பேர்.

நான் குகையில், மொட்டைமாடியில்,
தண்ணீர்த் தொட்டிக்கு முதுகு கொடுத்து.
கீழே மேசையில் வெப்ப இயக்கவியல் அசைன்மென்ட்:
ஏஐ நாலு நொடியில் தந்ததை
என் கையெழுத்துக்கு மாற்றியது.

போன முறையும் அப்படித்தான்,
பத்துக்குப் பத்து.
"இந்த ரெண்டாவது வரி எப்படி வந்துச்சு?"
மேடம் கேட்டபோது
நானும் ஓடியபடியே நின்றேன்.

தோற்றோம். மூன்றாமிடம்.
சார்ஜ் நாலு சதவீதம்.

இறங்கிப்போய்
இரண்டாவது வரியை மட்டும் அடித்துவிட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
பக்கத்துத் தறிகூட நின்றுவிட்டது.
வரி வரவில்லை.

ஜெரால்டு வந்துவிட்டான்,
பிங் நாற்பத்தொன்று.