இரண்டு பல்

பைதே நகரத்துப் பள்ளிக்கூடம். பெப்ரவரி.
வெளியே மைனஸ் பதினான்கு.
உள்ளே விளையாட்டுக்கூடத் தரையில்
சாம்பல் நிறக் கம்பளம் விரித்து
வெள்ளைக் குழாய்களை வளைத்து வளைத்துப்
பாதை போட்டிருக்கிறோம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே என் மேசை.

முன்சக்கரத்துக்குச் சாய்வு ஒன்றரைப் பாகை,
பின்சக்கரத்துக்கு இரண்டு.
வார நாட்களில் நான் பல் செய்பவள்.
பீங்கானில், முன்பின் தெரியாத வாய்களுக்கு.
மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு பிசகினாலும்
எங்கோ ஒருவர் ரொட்டியைக் கடிக்கையில்
என்னைத் திட்டுவார்.
ஆகவே அளவுகோலோடு எனக்கு வம்பில்லை.

வம்பெல்லாம் விரலோடு.
மேடையில் பத்துப் பேர் தோளுரச நிற்கிறோம்.
வண்டி என்னைவிட்டுப் போகும்போது
இடது இடதுதான்.
கடைசி வளைவில் திரும்பி
என் முகம் பார்த்து வரும்போது
இடது வலதாகிவிடுகிறது.
பதினோரு வருடமாக ஓட்டுகிறேன்,
இன்னும் அந்த இடத்தில்
மூளை ஒரு மூச்சு நின்று கணக்குப் போடும்.
குழாய் அதற்காகத்தான் காத்திருக்கும்.

காலையில் கம்பளம் வழுக்கியது.
ஸ்பிரிங்கை மெத்தென்று மாற்றினேன், ஓடியது.
மதியத்துக்குள் முப்பது வண்டிகளின் ரப்பர் படிந்து
கம்பளம் பிடிக்கத் தொடங்கியது.
பிடித்தால் விடாத பிடி.
வளைவில் என் வண்டி
ஒரு பக்கக் கால்களைத் தூக்கியது,
யோசித்தது,
கவிழ்ந்தது.

வண்டியைத் தரையோடு ஒரு மில்லி தாழ்த்தினேன்.
ஷாக்கில் கெட்டி எண்ணெய்.
முன் டயரின் ஓரத்தில், பீங்கானுக்கு மெருகிடும் பழைய தூரிகையால்
சூப்பர் குளூ ஒரு கோடு,
இனி அந்த ஓரம் கம்பளத்தைக் கவ்வாது.
ரிமோட்டில் திருப்பத்தை எண்பத்திரண்டு சதவீதமாக வெட்டினேன்.
மொத்தத்தில் வண்டியை மந்தமாக்கினேன்.
சுற்றுக்குப் பதினொன்று புள்ளி ஆறு எடுத்தது
பதினொன்று புள்ளி இரண்டுக்கு இறங்கியது.
அக்காவிடம் போனில் சொல்லிப் பார்த்தேன்.
சாப்பிட்டாயா என்றாள்.

ஓடி முடித்தவர் அடுத்த ஓட்டத்துக்கு
வளைவில் காவல் நிற்க வேண்டும்,
கவிழ்ந்ததை நிமிர்த்த.
ஆரஞ்சு அங்கியில் நான் நிற்க,
ஐவோவின் மஞ்சள் வண்டி
உருண்டு வந்து என் காலடியில் மல்லாந்தது.
ஐவோ, தூரி பேருந்தின் ஓட்டுநர்,
மூன்று குளிர்காலமாக எனக்கு ஒரு படி முன்னால் முடிப்பவன்.

எடுத்து நிமிர்த்தி வைக்க மூன்று நொடி.
மூன்று நொடியில் கை எல்லாம் படித்துவிடும்:
டயர் உள்பக்கமாகவே தேய்ந்திருந்தது.
மோட்டார், ஐயோ, இஸ்திரிப் பெட்டி.
கருகும் வார்னிஷ் வாசனை.
பல்சக்கரம் பெரிது.
இறுதிப் போட்டியின் ஐந்து நிமிடம் தாங்காது,
நாலாவதில் செத்துவிடும்.

வைத்தேன். ஓடினான்.
என் உள்ளங்கை மட்டும் சிவந்திருந்தது.

இடைவேளையில் காப்பி டிரம்மின் அருகே
கருப்பு ரொட்டியும் மத்தி மீனும் தின்றுகொண்டிருந்தான்.
என் வாயிலும் ரொட்டி இருந்தது,
சொல்லாமலிருக்க நல்ல காரணம்.
மென்றேன்.
அதிக நேரம் மென்றேன்.

"உன் பல்சக்கரத்தில் ரெண்டு பல் குறை."

திரும்பிப் பார்த்தான்.
"பல் ஆட்கள் எல்லோரும் ஒன்றுதான்,
பிடுங்கச் சொல்வீர்கள்."
"பிடுங்குகிறவள் இல்லை நான், செய்கிறவள்."
அவன் சிரிக்கவில்லை. காப்பியை அப்படியே வைத்துவிட்டு
மேசைக்குப் போனான்.

இறுதிப் போட்டி. இருபத்தைந்தாவது சுற்று.
அவனுக்கு முன்னால் நான்,
என் பின்பக்கத்தை உரசியபடி மஞ்சள்.
திரும்பினேன், என் முகம் பார்த்து வந்தேன்,
இடது வலதானது,
அந்த ஒரு மூச்சு.

அவன் மூன்றாவது, நான் நான்காவது.
இடைவெளி அரை நொடிகூட இல்லை.

காவலுக்கு அங்கியை மாட்டிக்கொண்டிருந்தேன்.
வந்தான், பேசாமல் வண்டியை மல்லாத்தி
என் கையில் வைத்தான்.
தொட்டுப் பார் என்று தாடையை அசைத்தான்.
தொட்டேன்.
கை பொறுக்கும் சூடு.
மூன்று நொடிக்கு மேலேயே வைத்திருந்தேன்.